ஒரு வயதுப் பிள்ளைக்குப் பசும்பால்: காய்ச்சுவது, வைப்பது, கொடுப்பது

"பிள்ளைக்கு ஒரு வயது முடிஞ்சுது மிஸ், இனிப் பசும்பால் குடுக்கலாமோ?" வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்த காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகளில் இது ஒன்று. கொடுக்கலாம் என்பதே பதில். ஆனால் எந்தப் பால், எவ்வளவு, எப்படிக் காய்ச்சியது, காய்ச்சி எத்தனை மணித்தியாலம் ஆனது என்ற கேள்விகள் அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் கடைசிக் கேள்விதான் மிகவும் முக்கியமானது. பாலைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை "பிரிட்ஜில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. அது இல்லாத வீடுகளையும் நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில் வயது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதத்தில் சாப்பாடு தொடங்கினாலும் தாய்ப்பாலை இரண்டு வயது வரையும், அதற்கு மேலும் கொடுக்கலாம். பசும்பாலை ஒரு முக்கிய பானமாகக் கொடுப்பதற்கு 12 மாதம் முடியட்டும் என்று சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பசும்பாலில் புரதம் தாய்ப்பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உப்புச் சத்துக்களும் கூட. கைக்குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது சுமை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தக் கசிவையும் அது உண்டாக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பசும்பாலில் இரும்புச்சத்து மிகமிகக் குறைவு. ஒரு முழு லீற்றரில் அரை மில்லிகிராம் அளவுதான் இருக்கும். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கோ நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் தேவை.

ஆகவே ஒரு வயதுக்குப் பின்னரும் பாலுக்கு ஓர் எல்லை வேண்டும். நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிலீற்றர் போதும். தாய்ப்பாலும் குடிக்கிற பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகவே போதும். "என்ர பிள்ளை சோறு சாப்பிடுறேல்லை, பால் மட்டும் நல்லாக் குடிப்பான்" என்று பெருமையாகச் சொல்லும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை பால் குடிப்பதால்தான் சோறு சாப்பிடுவதில்லை. வயிறு நிறைந்திருக்கும், உடம்பும் கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிப் போயிருக்கும். மண் தின்னும் பழக்கம், சோர்ந்து கிடத்தல், இறுகிய மலம், இவையெல்லாம் சேர்ந்து வந்தால் பாலைக் குறைத்து இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

முருங்கையிலை, பயறு, முட்டை, மீன், ஈரல், இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் சோற்றோடு போக வேண்டும். கீரைக்கறியில் ஒரு சொட்டுத் தேசிக்காய் விட்டால், அல்லது சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுத்தால், அந்த இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தேத்தண்ணி அதற்கு நேர்மாறு. பால் விட்ட தேத்தண்ணியில் பிஸ்கற்றைத் தோய்த்துக் கொடுப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். தேயிலையின் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துவிடும். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தேத்தண்ணி தேவையே இல்லை.

எந்தப் பால்

இரண்டு வயது வரை ஆடை எடுக்காத முழுப்பால். தண்ணீர் கலக்க வேண்டாம். "பால் செமிக்காது, அரைக்கு அரை தண்ணி விடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு வயது தாண்டிய சுகமான பிள்ளைக்கு முழுப்பால் செமிக்கும். தண்ணீர் விட்டால் வயிறு நிரம்பும், சத்து பாதியாகும். ரின்பாலைக் கரைத்துக் கொடுப்பது பால் கொடுத்ததாகாது. அதன் நிறையில் ஏறக்குறைய அரைவாசி சீனி. ஆட்டுப்பால் கொடுப்பவர்கள் அதில் போலிக் அமிலம் குறைவு என்பதை நினைவில் வைத்துப் பயறையும் கீரையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். காய்ச்சுவதும் வைப்பதும் பசும்பாலைப் போலவேதான்.

எங்கள் பகுதியில் பட்டியாக மேயும் நாட்டு மாடுகள் நாளுக்கு ஒரு லீற்றர், இரண்டு லீற்றர்தான் கறக்கும். அதுவும் பெரும்பாலும் காலையில் மட்டும். 2009 இல் பட்டி பட்டியாக மாடுகளை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள், செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பி, ஒன்று இரண்டு மாடுகளுடன் மறுபடி தொடங்கின. இன்று பல வீடுகளில் நடப்பது இது: காலையில் கறந்த பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்தக் காசில் ஒரு பகுதிக்குப் பால்மா பைக்கற் வாங்கி வீட்டுக்கு வருகிறது. கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குப் பால் காசு கைக்கு வரும் ஒரே காசாக இருக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை இருந்தால் விற்பதற்கு முன் அரை லீற்றரை எடுத்து வையுங்கள் என்று எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். 400 கிராம் பால்மாவைச் சரியான அளவில் கரைத்தால் வருவது மூன்று லீற்றர் பால். மூன்று லீற்றருக்கு நீங்கள் வாங்கிய காசையும் பைக்கற்றின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பால்மாதான் உயர்ந்தது என்ற எண்ணம் எங்கள் சனத்துக்குள் ஆழமாக இருப்பதன் காரணமும் எனக்குத் தெரியும். 2009 ஏப்ரலில் பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணைக்கு இரையானார்கள். ஒரு கரண்டி மாவுக்கு உயிரைக் கொடுத்த நாட்களைக் கண்டவர்களுக்கு அந்தப் பைக்கற் வெறும் பைக்கற் அல்ல. பின்னர் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் முழு நாடுமே பால்மாவுக்கு வரிசையில் நின்றது. பால்மா கெட்டதல்ல. நல்ல பசும்பால் வீட்டிலேயே இருக்கும்போது அதைவிட உயர்ந்ததும் அல்ல.

கறக்கும் இடத்திலிருந்தே

பால் கெடுவது அடுப்படியில் அல்ல, மடியிலும் கையிலும் சட்டியிலும்தான் தொடங்குகிறது. கறக்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மடியையும் கழுவித் துடைக்க வேண்டும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனிக் கோப்பையில் எடுத்துப் பாருங்கள். திரி திரியாக இருந்தால், இரத்தம் கலந்திருந்தால், மடி சூடாக வீங்கியிருந்தால் அது மடிவீக்கம். அந்தப் பால் பிள்ளைக்கு வேண்டாம். கால்நடை வைத்தியர் மாட்டுக்கு ஊசி போட்டால் எத்தனை நாளைக்குப் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டாயம் கேளுங்கள். மருந்து பாலில் வரும், காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு போட்டாலும் அதன் நஞ்சு பாலுக்கு வரும். அதற்கும் அடுப்பு உதவாது.

பாத்திரத்தைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வயலுக்கு மருந்தடித்த கான், பெயின்ற் வாளி, இவற்றை எத்தனை தரம் கழுவினாலும் பாலுக்குப் பாவிக்கக் கூடாது. சோடாப் போத்தலில் பால் கொண்டு திரிவதும் நல்லதல்ல. கழுத்து ஒடுங்கியதால் உள்ளே கை போகாது, அடியில் ஒட்டிய பால் நாளைய பாலைக் கெடுக்கும். வாய் அகன்ற, மூடியுள்ள சில்வர்ப் பாத்திரம் நல்லது. கழுவும்போது முதலில் பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். நேரடியாகச் சுடுதண்ணீர் ஊற்றினால் பாலின் புரதம் பாத்திரத்தில் இறுகி ஒட்டிக்கொள்ளும். பிறகு சவர்க்காரமும் சுடுதண்ணீரும். அதன் பின் வெயிலில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் துணியில் உள்ள கிருமி பாத்திரத்துக்கு வந்துவிடும். பால் வடிக்கும் துணியையும் தினமும் அவித்துக் காயப்போடுங்கள்.

பொங்குவது கொதிப்பதல்ல

பச்சைப் பால் சின்னப்பிள்ளைக்கு ஒருபோதும் கூடாது. "அந்தக் காலத்தில் மாட்டடியிலயே குடிச்சனாங்கள்" என்று சொல்லும் தாத்தாமார் இருக்கிறார்கள். அப்படிக் குடித்துத் தப்பியவர்கள்தான் கதை சொல்ல இருக்கிறார்கள் என்பதை மரியாதையோடு அவர்களுக்கு நினைவுபடுத்தலாம். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமி வரலாம். நாட்பட்ட காய்ச்சலையும் மூட்டு நோவையும் தரும் புரூசெல்லா வரலாம். இரத்த வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகளும் வரலாம். இவை எல்லாம் சரியான சூட்டில் சாகும். ஆலைகளில் பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 செக்கனோ சூடாக்கி உடனே குளிர்விப்பார்கள். வீட்டில் எங்களுக்கு அளக்கும் கருவி இல்லை, அதனால் கொதிக்க வைக்கிறோம்.

இங்கே ஒரு பொதுவான தவறு உண்டு. பால் மேலே பொங்கி வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிடுகிறோம். பாலின் மேல் படியும் ஆடைக்குக் கீழே நீராவி அடைபட்டுத்தான் அது பொங்குகிறது. அந்த நேரம் பால் முழுவதும் ஒரே சூட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பொங்கும்போது நெருப்பைக் குறைத்து, அடிவரை கிளறி, ஒன்று இரண்டு நிமிடம் குமிழி விட்டுக் கொதிக்கவிடுங்கள். அதற்கு மேல் வற்றக் காய்ச்சத் தேவையில்லை. கல்சியமும் புரதமும் எப்படியும் இருக்கும், சில விற்றமின்கள்தான் குறையும். காய்ச்சும்போது பால் திரிந்தால் அது ஏற்கனவே புளிக்கத் தொடங்கிய பால். சீனி போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

காய்ச்சினால் எல்லாம் சரி என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் பயமானது. பாலில் பெருகும் சில கிருமிகள் நஞ்சை விடுகின்றன. கிருமி சூட்டில் சாகும், அந்த நஞ்சு சாகாது. வேறு சில கிருமிகள் விதைபோன்ற வடிவில் கொதியையும் தாங்கி இருந்து, பால் ஆறியதும் மறுபடி முளைக்கின்றன. காலையில் காய்ச்சி மூடாமல் வைத்த பாலை மாலையில் மறுபடி கொதிக்கவைத்தால் பால் புதிதாகிவிடாது. மணமும் நிறமும் சரியாக இருந்தாலும் பிள்ளை இரவு முழுவதும் சத்தி எடுக்கலாம்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில்

கிருமிகள் 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் பெருகுகின்றன. எங்கள் அடுப்படி எப்போதும் அதற்குள்தான். நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் அவை இரட்டிக்கும். அதனால் விதி இது: காய்ச்சிய பால் வெளியில் இரண்டு மணித்தியாலம். 32 பாகைக்கு மேல் கொளுத்தும் நாளில் ஒரு மணித்தியாலம். சித்திரை வைகாசியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெரும்பாலான பகல்கள் அந்த இரண்டாவது கணக்குக்குள் வரும்.

காலை ஆறு மணிக்குக் கறந்தால் ஏழு மணிக்குள் காய்ச்சுங்கள். பிள்ளைக்கு வேண்டியதை ஊற்றி ஆறவைத்துக் கொடுங்கள். மிச்சத்தை அதே சட்டியில் மூடி, சட்டியை ஒரு தாச்சி கிணற்றுத் தண்ணீருக்குள் வைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றுங்கள். விரைவாக ஆறும். அந்த நேரம் முடியுமுன் ஒரு தரம் மறுபடி கொதிக்கவைத்துப் பத்து மணிக் கஞ்சிக்குள் விடலாம். அதற்கும் மிஞ்சினால் பெரியவர்களின் தேத்தண்ணிக்குப் போகட்டும்.

மிஞ்சும் என்று முதலே தெரிந்தால் தயிராக்குவது இன்னும் நல்லது. காய்ச்சிய பால் விரல் தாங்கும் இளஞ்சூட்டுக்கு வந்ததும் சுத்தமான ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடி வைத்தால் மத்தியானத்துக்குப் பிறகு உறைந்துவிடும். தயிரின் புளிப்பு பல கிருமிகளைப் பெருகவிடாது. அன்றே பயன்படுத்த வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குச் சோற்றுடன் பிசைந்த தயிர், பாலுக்குச் சமன். பால் அளவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மாமார் உறியில் பால்முட்டியைத் தொங்கவிட்டது பூனைக்கும் எறும்புக்கும் மட்டுமல்ல, காற்றோட்டத்துக்கும் கூடத்தான். அகன்ற மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதற்குள் சின்ன முட்டியை வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வைத்தால், கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் உள்ளே ஓரளவு குளிரும். மரக்கறிக்கு அது மிக நல்லது. பாலுக்கு அதை நம்பி நேரத்தைக் கூட்ட வேண்டாம், 5 பாகைக்கு அது ஒருநாளும் போகாது. சுடுதண்ணிப் போத்தலில் பாலை ஊற்றி வைப்பதும் கூடாது. நேரம் போகப்போக அது கிருமிக்குப் பிடித்த இளஞ்சூட்டுக்கு இறங்கி, அப்படியே நிற்கும். போத்தலில் கொதித்த தண்ணீரை வைத்து, இரவில் தேவைப்படும்போது பால்மாவை அப்போதே கரையுங்கள். 200 மில்லிலீற்றர் பாலுக்கு 26 கிராம் மா என்பது பொதுவான கணக்கு. உங்கள் பைக்கற்றில் உள்ள கரண்டி அளவைப் பாருங்கள். பிரித்த பைக்கற்றை இறுக மூடும் பேணியில் போட்டு, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும். மிகு வெப்பத்தில் பதப்படுத்திய பெட்டிப்பால் பிரிக்கும்வரை வெளியில் மாதக்கணக்கில் இருக்கும். பிரித்த கணத்திலிருந்து அதுவும் சாதாரணப் பால்தான்.

பிரிட்ஜ் உள்ளவர்கள் காய்ச்சி ஆறிய பாலை மூடி, உள்தட்டின் பின்பக்கம் வையுங்கள். கதவுத் தட்டு அடிக்கடி சூடேறும் இடம். பச்சை மீன், இறைச்சி எப்போதும் பாலுக்குக் கீழே. வீட்டில் காய்ச்சிய பாலை 24 மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமல் விட்டால் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிர் நிற்கும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது பிரிட்ஜ் வெறும் அலுமாரியாக இருந்தது. அப்படியான நாளில் மேலே சொன்ன இரண்டு மணித்தியாலக் கணக்குக்குத் திரும்பிவிடுங்கள்.

கோப்பையும் மிச்சமும்

சூப்பிப் போத்தல் வேண்டாம். ஒரு வயதுப் பிள்ளை கோப்பையால் குடிக்கும், சிந்திச் சிந்திப் பழகும். சூப்பியின் மடிப்புக்குள் பால் தங்கினால் சாதாரணக் கழுவலுக்கு அது போகாது. போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையானால் முன்பற்கள் சொத்தையாகும். பால் கொடுப்பது சாப்பாட்டுக்குப் பின்னர் அல்லது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில். சீனி போடாமல் தொடங்கினால் சீனி இல்லாமலே குடிக்கும். சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், ஊதி ஆற்ற வேண்டாம்.

வாய் வைத்த கோப்பையில் மிஞ்சிய பாலைச் சட்டிக்குள் திரும்ப ஊற்றக் கூடாது, பிறகு குடிக்க வைக்கவும் கூடாது. எச்சில் பட்ட பால் விரைவில் கெடும். இதைச் சொல்லும்போதெல்லாம் சில முகங்கள் இறுகுவதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை ஓர் அம்மம்மா, பேரப்பிள்ளை மிச்சம் விட்ட கால் கோப்பைப் பாலைத் தட்டால் மூடி எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: "கஞ்சித் தண்ணி கிடைக்காமல் பிள்ளையள் அழுததைக் கண்ட கண், மிஸ். பாலைக் கொட்டெண்டு சொல்லாதேங்கோ." அவரிடம் அதற்கு மேல் விதி பேச எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி சொன்னேன். 150 மில்லிலீற்றரை ஒரேயடியாக ஊற்றாமல், 50 மில்லிலீற்றர் பிடிக்கும் சின்னக் கோப்பையில் மூன்று தரம் ஊற்றிக் கொடுங்கள். பிள்ளை நிறுத்தினால் மிஞ்சுவது இரண்டு மிடறு. அந்த இரண்டு மிடறை நீங்களே அப்போதே குடித்துவிடுங்கள். அந்த வீட்டில் அதன் பின் மூடிய கோப்பையை நான் காணவில்லை. இன்றும் அம்மம்மாமார் வளர்க்கும் பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதையே சொல்கிறேன். கொட்டச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, குறைய ஊற்றச் சொன்னால் கேட்கிறார்கள்.

வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால்

முதல் தடவை கொடுக்கும்போது இரண்டு மூன்று கரண்டியுடன் நிறுத்திப் பாருங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் சத்தி, மூச்சிழுப்பு, மலத்தில் இரத்தம் வந்தால் அது பால் ஒவ்வாமையாக இருக்கலாம். பாலை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தால் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்கு. கடும் வயிற்றோட்டத்துக்குப் பின் சில நாட்களுக்குப் பால் குடித்ததும் வயிறு ஊதி, நீராகப் போவது வேறு. பாலின் இனிப்பைச் செமிக்கவைக்கும் தன்மை குடலில் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். குடல் தேறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை தயிர் ஒத்துக்கொள்ளலாம்.

பால் குடித்த பின் வயிற்றோட்டம் தொடங்கினால் தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாமல், ஜீவனியைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கண் உள்ளே போயிருந்தால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் இருந்தால், குடித்ததெல்லாம் சத்தியாக வந்தால், அல்லது பிள்ளை அசந்து அசந்து போனால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். போகும்போது கிளினிக் கொப்பியையும், பால் எத்தனை மணிக்குக் கறந்தது, எத்தனை மணிக்குக் காய்ச்சியது, எப்போது கொடுத்தது என்ற விபரத்தையும் கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.